தீமையும் நகைப்பும்: ‘டஞ்சன் கீப்பர்’ கணினி விளையாட்டு – ஒரு திறனாய்வு

தீமையைக் கண்டு நகைக்கலாமா என்பது திருச்சபையில் நெடுங்காலமாக எழுந்துவரும் வினா. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கைவினைஞர் சங்கங்கள் வீதிகளில் நடத்திய சமய நாடகங்களிலே பிசாசு பலமுறை கோமாளியாகவே மேடையேறினான். சி. எஸ். லூயிஸ் 1942இல் நூலாக வெளியிட்ட ‘ஸ்குரூடேப் கடிதங்கள்’ நரகத்தை ஓர் அலுவலகமாகக் காட்டி, மூத்த பிசாசு ஒன்று இளைய பிசாசுக்கு அறிவுரை எழுதுவதாகப் புனைந்தது. இவ்வரிசையில் வைத்து ஆராயத்தக்கது 1997இல் வெளிவந்த ‘டஞ்சன் கீப்பர்’ என்னும் கணினி விளையாட்டு. இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரிலிருந்த புல்ஃபிராக் நிறுவனம் பீட்டர் மோலினூவின் தலைமையில் இதனை உருவாக்கியது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி நம்மிடையே இருவகைத் தீர்ப்புகள் எளிதில் பிறக்கின்றன. பேய் உருவங்கள் உள்ளன, ஆகவே விலக்குக என்பது ஒன்று. விளையாட்டுத்தானே, விட்டுவிடுக என்பது மற்றொன்று. இரண்டும் படைப்பைப் பாராமலே கூறப்படுபவை. ஒரு நூலை மதிப்பிடுவோர் அது என்ன சொல்லுகிறது என்று கேட்பது போல, ஒரு விளையாட்டை மதிப்பிடுவோர் அது ஆடுபவரை என்ன செய்யவைக்கிறது என்று கேட்கவேண்டும்.

நிலவறையின் நடைமுறை

இதில் ஆடுபவரே தீமையின் தலைவர். மண்ணுக்கடியில் ஒரு நிலவறையை அமைத்து ஆளுவது அவர் பணி. அதன் நடுவே ‘இதயம்’ ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். அது அழிந்தால் ஆட்டம் முடிந்தது. இம்ப் எனப்படும் குட்டிப்பிசாசுகள் மண்ணைத் தோண்டும், பொன்னைச் சுமந்து வரும், சுவரைப் பலப்படுத்தும். அவற்றுக்குச் சம்பளமும் இல்லை, ஊணும் இல்லை, உறக்கமும் இல்லை. ஏனைய உயிர்கள் வாயில் ஒன்றின் வழியே தாமாக வந்து சேருகின்றன. வந்தவை தங்க உறங்குமிடம் வேண்டும், உண்ணக் கோழிப்பண்ணை வேண்டும், பயிற்சிக்கூடம் வேண்டும். மந்திரவாதிகளை ஈர்க்க நூலகம் வேண்டும். குறித்த காலத்தில் சம்பள நாள் வந்துவிடும். கருவூலம் வெறுமையாயிருந்தால் முணுமுணுப்பு எழும், சில உயிர்கள் வெளியேறிவிடும். ஈக்கும் சிலந்திக்கும் இயற்கைப் பகை. அவற்றைத் தனித்தனியே தங்கவைக்கவேண்டும்.

தலைவரின் உருவமாகத் திரையில் தோன்றுவது ஒரு கை மாத்திரமே. அக்கை உயிர்களைத் தூக்கி இடம் மாற்றும், சோம்பியிருப்பவற்றை அறையும். அறைபட்டது சிறிதுநேரம் விரைந்து உழைக்கும். ஆனால் அதன் உடல்நலமும் மனநிறைவும் குறையும்.

வெல்லவேண்டிய நாடுகள் இருபது. ‘என்றும் புன்னகை’ எனப் பொருள்படும் எவர்ஸ்மைல் முதலாக, கோசிடன், டிக்கிள் எனக் குழந்தைக் கதைகளின் இனிமையைக் கேலிசெய்யும் பெயர்கள் அவற்றுக்குண்டு. ஒவ்வொரு நாட்டின் மகிழ்ச்சியையும் அருவருப்போடு வருணித்து, வெற்றிக்குப்பின் அதன் பாழ்நிலையைப் பெருமிதத்தோடு கூறும் கனத்த குரல் ஒன்று ஆட்டம் முழுவதும் கேட்கிறது. வீரர்களோ தற்பெருமை மிகுந்தவர்களாய், அழைப்பின்றிப் பிறர் வீட்டுக்குள் நுழையும் கொள்ளையரைப்போலத் தோன்றுகின்றனர்.

நகைப்பு காட்டும் உண்மை

இந்தத் தலைகீழ்ப் பார்வையைக் கண்டவுடன், தீமையை நன்மையென்று சொல்லுகிறவர்களைப் பற்றிய ஏசாயா ஐந்தாம் அதிகாரத்தின் எச்சரிப்பு நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் ஏசாயா கண்டித்தது உண்மையை மறைக்கும் புரட்டு; இங்கே நிகழ்வதோ யாவரும் அறியச் செய்யப்படும் கேலி. ஆடுபவர் ஏமாற்றப்படுவதில்லை. கேலியின் உள்ளே ஓர் உண்மையும் இருக்கிறது. உலகை நடுங்கவைக்க வந்த தலைவர் தம் நேரத்தில் பெரும்பகுதியைக் கோழி போதுமா, படுக்கை போதுமா, சம்பளத்துக்குப் பொன் உண்டா என்ற கவலையிலேயே கழிக்கிறார். ஆணவத்தின் அரியணை குடும்பத்தலைவரின் கணக்குப்புத்தகத்தில் போய் முடிகிறது.

தீமை தனக்கென ஓர் இருப்பு உடையதன்று, நன்மையின் குறைவே அது என்று அகுஸ்தீன் போதித்தார். அப்போதனையை வகுப்பில் விளக்க முயன்றோர் அதன் கடினத்தை அறிவர். இவ்விளையாட்டு அதைத் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது. நிலவறை நிலைநிற்க உணவு, உறக்கம், ஊதியம், ஒழுங்கு, கல்வி ஆகியன வேண்டும். இவை யாவும் நன்மைகள். அவற்றைக் கடன்வாங்காமல் தீமையால் ஒருநாளும் வாழ இயலாது. வெறும் அறையினால் மாத்திரம் ஆளப்படும் நிலவறை விரைவிலே கலகத்தில் முடியும். இதனாலேயே இதன் நகைச்சுவை வெறும் கூத்தாகாமல் சிந்தனைக்குரியதாகிறது.

நகைப்பு தவறும் இடம்

ஆயினும் குறை ஒன்று உண்டு; அது சிறியதன்று. பிடிபட்ட வீரனைச் சிறையில் பட்டினியிட்டால் அவன் எலும்புக்கூடாகித் தலைவருக்கு ஊழியம் செய்வான். வதைக்கூடத்தில் இட்டால் ஒன்று சாவான், அல்லது பகைவரைக் கைவிட்டு நம் படையில் சேருவான். ஒருவன் தன் உள்ளத்தின் பற்றை இழக்கும் நிகழ்ச்சி இங்கே படைபலத்தைக் கூட்டும் கணக்காகிவிடுகிறது. மனந்திரும்புதலைப் பற்றிப் பேசுவதையே பணியாகக் கொண்ட நாம் இதை எளிதாகக் கடந்துசெல்ல இயலாது. வதை பயனுள்ளது, விரைவானது, பின்விளைவற்றது என்பதே அக்கூடத்தின் பாடம். கோழிப்பண்ணையைப் பற்றிய கேலி தலைவரின் ஆணவத்தைக் குத்திற்று. வதைக்கூடத்துக் கேலியோ வதைபட்டவனைக் குத்துகிறது.

லூயிஸின் நூலோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே பிசாசின் கடிதத்தைப் படித்து நகைக்கும் வாசகன், அப்பிசாசு கெடுக்க நினைப்பது தன்னைப்போன்ற ஒருவனையே என்பதை மறப்பதில்லை. அவன் நகைப்பு தன் மேலேயே திரும்புகிறது. இங்கே தீமையை அனுபவிப்போரின் முகம் காட்டப்படுவதில்லை. பாழான நாட்டின் குடிகள் யார், அவர்கள் என்ன ஆயினர் என்பதற்கு விடையில்லை. தம் படையிலுள்ள உயிரின் உடலிற் புகுந்து அதன் கண்ணால் காணும் மந்திரம் தலைவருக்கு உண்டு. அந்த அரிய உத்தியையும் ஆக்கியோர் போரிடுவதற்கே பெரிதும் பயன்படுத்தினர்.

கேலியற்ற நிலவறை

இதற்கு வரலாறு ஒரு பின்னுரை எழுதியது. 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதே பெயரில் கைப்பேசிக்கான விளையாட்டு ஒன்றைப் பரப்பியது. இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் சில பாறைகளைத் தோண்டி முடிக்க 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும். காத்திராதிருக்க, பணம் கொடுத்து இரத்தினங்களை வாங்கவேண்டும். அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அந்த இலவச விளம்பரம் மக்களை வழிதவறச் செய்வது எனத் தீர்ப்பளித்தது. மூல விளையாட்டின் தலைவரான மோலினூவும் புதியதை வெளிப்படையாகக் குறைகூறினார்.

இம்மாற்றத்தின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1997இல் ஆடுபவர் தலைவராயிருந்தார்; 2014இல் ஆடுபவரே இம்ப் ஆனார். அவர் பொறுமையின்மை அறியப்பட்டு, அளக்கப்பட்டு, விற்கப்பட்டது. அறையும் கை திரைக்கு வெளியே சென்றுவிட்டது. முன்னது தன்னைத் தீமையென்று உரக்கக் கூவி நன்மையிடம் கடன்வாங்கியது. பின்னது தன்னை இலவசமென்று கூறிப் பணப்பையை நோக்கிற்று. ஏசாயாவின் எச்சரிப்பு கொம்புள்ள பிசாசுகளைவிட இந்த விளம்பரத்துக்கே மிகப் பொருந்தும்.

ஆகவே, தம் சபையின் இளைஞர் இத்தகைய விளையாட்டில் ஈடுபடுவதைக் காணும் ஆயர், திரையில் பேய் உண்டா என்று முதலில் தேடவேண்டியதில்லை. நகைப்பு யாரை நோக்கிச் செல்லுகிறது, வருந்துகிறவனுக்கு அங்கே குரல் உண்டா, ஆடுபவருடைய விருப்பம் யாருடைய கையில் இருக்கிறது என்னும் மூன்று வினாக்களை அவ்விளைஞரோடு அமர்ந்து கேட்பாராக. முதல் வினாவுக்குப் பழைய ‘டஞ்சன் கீப்பர்’ பெரும்பாலும் நல்ல விடை தருகிறது; இரண்டாவதில் தவறுகிறது; மூன்றாவதில், அதன் பெயரைச் சுமந்து வந்த கைப்பேசி விளையாட்டைவிட மிகவும் நேர்மையாக நடந்துகொள்ளுகிறது.