கதை ஒன்று, கைச்செயல் வேறொன்று: யப்பானிய பாணி வீடியோ விளையாட்டுகள் பற்றி

ஒரு சமுதாயத்தின் இளந்தலைமுறை தன் ஓய்வு நேரத்தை எதனோடு கழிக்கின்றது என்பது கலை விமர்சனத்துக்குப் புறம்பான கேள்வியன்று. திரைப்படம் தமிழ்மக்களை ஆட்கொண்ட காலத்தில் அதனை வெறுங் கேளிக்கையென ஒதுக்கிய பண்டிதர்களும் இருந்தனர். அதன் உள்ளடக்கத்தை எடைபோட்டு மக்களுக்கு எடுத்துரைத்த விமர்சகர்களும் இருந்தனர். பின்னவர் செய்ததே பயன்தந்த பணியாகும். இன்று வீடியோ விளையாட்டு அதே நிலையில் நிற்கின்றது. மாணவர் கையில் அது நாள்தோறும் இருக்கின்றது. ஆசிரியர் நாவிலோ கண்டனத்தின்போது மட்டுமே வருகின்றது. கண்டிப்பதாயினும் அறிந்து கண்டிப்பதே முறை. ஆதலால், அண்மைக்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட யப்பானிய பாணி விளையாட்டுகள் சிலவற்றை இங்கு மதிப்பிட முற்படுகின்றோம். பிறநாட்டுக் கலையை எடுத்து ஆராய்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 'மதங்க சூளாமணி'யிலே சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து நோக்கினார். சரக்கு புதிதாகலாம், அதை எடைபோடும் பொறுப்பு பழையதே.

யப்பானிய பாணி என்று இங்கு நாம் குறிப்பது, 1986இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்', 1987இல் வெளிவந்த 'பைனல் பாண்டசி' ஆகியவற்றின் வழிவந்த விளையாட்டு வகையை. கதைத்தலைவன் ஒருவன், அவனோடு சேரும் சிறு தோழர் குழு, ஊர் ஊராகப் பயணம், முறைவைத்து நிகழும் போர், போருக்குப் போர் ஏறும் வலிமை, பல பத்து மணிநேரம் நீளும் கதை. இவையே அதன் பொது இயல்புகள். விடியவிடிய வடமோடிக் கூத்துப் பார்த்தவர்க்கு நீண்ட கதையும் அரசர் வரவும் போரும் வியப்பளிக்கா. ஆயினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. கூத்துக் களரியைச் சுற்றி அமர்ந்தோர் பார்ப்பவர். இங்கோ பார்ப்பவரே ஆடுபவர். எனவே இவ்வகைப் படைப்பில் கதை சொல்வது ஒன்று, ஆடுபவரின் கை செய்வது மற்றொன்று என இரண்டு உள. நாவலை மதிப்பிடும்போது கதையை ஆராய்கின்றோம். இங்கு கையையும் ஆராய வேண்டும். சமத்துவம் பேசும் விளையாட்டு, நாற்பது மணிநேரமாக அந்தக் கையை எதற்குப் பழக்குகின்றது? இதுவே நமது அளவுகோல்.

முதலில் 'பைனல் பாண்டசி' ஏழாம் பகுதியை நோக்குவோம். 1997இல் வெளிவந்த இப்படைப்பின் புத்துருவம் 2020இல் ஒரு பகுதியாகவும், 2024இல் 'ரீபர்த்' என்னும் பெயரில் அடுத்த பகுதியாகவும் வந்தது. மிட்கார் என்னும் நகரம் இரண்டு அடுக்குகளாக அமைந்துள்ளது. மேலே இரும்புத் தட்டின்மீது வசதியுள்ளோர் வாழ்கின்றனர். கீழே, வானத்தையே காணாத சேரிகளில் ஏழைகள். சின்ரா என்னும் கொம்பனி பூமியின் உயிர்ச்சாற்றை உறிஞ்சி மின்சாரமாக்கி விற்கின்றது. அதனை எதிர்க்கும் சிறு குழுவொன்றை அழிப்பதற்காக ஒரு வட்டாரத்தின் மேல்தட்டையே கீழிருக்கும் சேரியின்மேல் வீழ்த்துகின்றது. ஏகபோக முதலாளித்துவத்தின் கொடுமையை இவ்வளவு தெளிவாகக் காட்சிப்படுத்திய வெகுசனப் படைப்புகள் சிலவே. அவ்வகையில் இது பாராட்டுக்குரியது.

ஆனால் கை செய்வது யாது? வீரர்கள் ஆயுதத்திற் பதித்துப் போரிடும் மந்திரக் கற்கள், கொம்பனி உறிஞ்சும் அதே உயிர்ச்சாறு உறைந்து உண்டானவை. அவற்றைத் தேடிச் சேர்ப்பதும் வாங்குவதும் வலுவேற்றுவதுமே ஆடுபவரின் அன்றாடத் தொழில். கொள்ளையை எதிர்ப்பவரின் வலிமை எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வியைக் கதை நின்று நிதானித்து எழுப்புவதில்லை. சேரிமக்களும் பெரும்பாலும் காக்கப்படுவோராகவே நிற்கின்றனர். தாமே எழுவோராக நிற்பது அரிது. உள்ளடக்கம் எதிர்ப்பைச் சொல்கின்றது. உருவம் சேகரிப்பையே பழக்குகின்றது.

2020இல் வந்த 'யகூசா: லைக் எ டிராகன்' நம் கவனத்துக்கு மேலும் உரியது. கதை நடப்பது மாயலோகத்தில் அன்று, யோக்ககாமா நகரத்தில். தான் செய்யாத குற்றத்தை ஏற்றுப் பதினெட்டு ஆண்டு சிறையிருந்த கசுகா இச்சிபான் வெளியே வந்ததும் சுடப்பட்டு, வீடற்றோர் குடியிருப்பருகே வீசப்படுகின்றான். அவனுக்கு வாய்க்கும் தோழர்கள் வேலையிழந்த தாதி, பதவியிழந்த காவலர் போன்றோர். 'ஒழுக்கத் தூய்மை' பேசி விலைமாதரையும் ஆவணமற்ற குடியேறிகளையும் விரட்டும் இயக்கத்தின் பின்னால் அரசியல்வாதிகளின் கை இருப்பதைக் கதை அம்பலப்படுத்துகின்றது. யப்பானிய செல்வச் செழிப்பின் அடிநிலத்தை இவ்வளவு பரிவோடு காட்டியமை இதன் பெருஞ்சிறப்பு. கையும் இங்கு ஓரளவு கதையோடு இணைந்து நடக்கின்றது. மிதிவண்டியில் தெருத்தெருவாகச் சென்று வெற்றுத் தகரப் பேணிகளைப் பொறுக்கும் ஒரு பகுதி, அன்றாடம் உழைத்துண்போரின் வாழ்வை விரல்நுனிக்குக் கொண்டுவருகின்றது. எனினும் சிறிது தூரம் சென்றதும் அதே கை ஒரு கொம்பனியை நடத்தத் தொடங்குகின்றது. ஊழியரைச் சேர்ப்பதும் நீக்குவதும், பங்குதாரர் கூட்டத்தில் வாதாடி வெல்வதும் அங்கு விளையாட்டாகின்றன. பேணி பொறுக்கியவன் முதலாளியாவதே விடிவென்றால், எஞ்சிய பேணி பொறுக்குவோரின் கதி என்ன? பரிவு உண்மையானது, அது காட்டும் வழி பழையது.

2024 ஒக்டோபரில் வெளியான 'மெட்டபோர்: ரிபண்டாசியோ', கசுரா ஹாசினோ என்பவரின் நெறியாள்கையில் உருவானது. அரசன் கொல்லப்படுகின்றான், அவன் விட்டுச்சென்ற மந்திரம், மக்களின் ஆதரவை யார் மிகுதியாகப் பெறுகின்றாரோ அவரே அரசர் என அறிவிக்கின்றது. இழித்தொதுக்கப்பட்ட ஓர் இனத்தைச் சேர்ந்த இளைஞன் போட்டியிற் குதிக்கின்றான். குல வேற்றுமையும், அச்சத்தை மூலதனமாக்கும் தலைவர்களும் இங்கு நேராகப் பேசப்படுகின்றனர். இனப்பகையின் விலையை அறிந்த நம் நாட்டு வாசகர்க்கு இப்பொருள் அந்நியமானதன்று. ஆயின் தோழர் ஒருவரின் துயரைக் கேட்டால் ஒரு படி வலிமை, இன்னொருவருக்கு உதவினால் மற்றொரு படி வலிமை என நட்பே கணக்கேட்டில் வரவாக வைக்கப்படுகின்றது. மனித உறவைச் சிறப்பிக்க வந்த படைப்பு, அதனைத் தன்னையறியாமலே நாணயமாக்கிவிடுகின்றது.

யப்பானிய மரபைப் போற்றி, பிரான்சின் மொன்பெலியே நகரத்துச் சாண்ட்பால் என்னும் சிறு நிறுவனம் ஆக்கிய 'கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிசன் 33' 2025 ஏப்ரலில் வெளிவந்தது. ஆண்டுதோறும் ஒரு மாயச் சித்திரக்காரி ஓர் எண்ணை எழுதுகின்றாள். அவ்வகவையோர் யாவரும் மறைந்துபோகின்றனர். அடுத்த ஆண்டு எண் ஒன்று குறையும். அவளைத் தடுக்க ஆண்டுதோறும் ஒரு குழு புறப்பட்டு அழிகின்றது. ஆனால் ஒவ்வொரு குழுவும் பின்வருவோர்க்கெனக் குறிப்பேடுகளையும் மலையேறும் பிடிகளையும் விட்டுச்செல்கின்றது. முன்னவர் நட்ட பிடியைப் பற்றியே ஆடுபவரின் கை மேலேறுகின்றது. தோற்றவர்களின் உழைப்பும் வீண்போவதில்லை என்ற உண்மையைக் கதையும் கையும் ஒருங்கே கூறும் இப்பகுதி, நாம் ஆராய்ந்தவற்றுள் தலையாயது. இறுதிப்பகுதியில்தான் சறுக்கல். ஒரு நகரத்து மக்கள் அனைவரின் வாழ்வும் சாவும் ஒரு செல்வக் குடும்பத்தின் துயரத்துள் அடங்கிப்போகின்றன. அக்குடும்பத்தார் இருவருள் யார் பக்கம் என்பதே ஆடுபவர்க்கு எஞ்சும் தெரிவு. அந்நகரத்தாரை எவரும் கேட்பதில்லை. கூட்டுமுயற்சியாகத் தொடங்கிய கதை குடும்ப வழக்காக முடிகின்றது.

மேற்கூறிய நான்கும் குறைபாடுகளோடுகூடிய கலைப்படைப்புகள். இனி நாம் கூற வருவது விலையைப் பற்றியது. 'ரீபர்த்'தும் 'மெட்டபோ'ரும் வெளியானபோது ஒவ்வொன்றின் விலையும் 70 டொலர். இலங்கை நாணயத்தில் 20,000 ரூபாவுக்கும் மேல். இயந்திரத்தின் விலை வேறு. படுவான்கரையில் வேளாண்மை செய்யும் குடும்பமோ, வாவியில் வலைவீசும் குடும்பமோ பிள்ளைக்கு இதனை வாங்கிக் கொடுப்பதெங்ஙனம்? 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கடன்பட்டாயினும் வாங்கிய கைத்தொலைபேசியே அவ்வீட்டிலுள்ள ஒரே விளையாட்டுக் கருவி. அதில் வருவது 'இலவச' விளையாட்டு. அந்த இலவசத்தின் இயல்பை ஆராய்வோம்.

சீனத்தின் சாங்காய் நகரத்து மிகோயோ நிறுவனம் 2020 செப்டெம்பரில் யப்பானிய சித்திரப் பாணியில் வெளியிட்ட 'கென்சின் இம்பாக்ட்' இதற்குத் தக்க சான்று. காட்சியழகிலும் இசையிலும் அது எளியதன்று. நுழையக் காசு இல்லை. ஆனால் புதிய பாத்திரங்கள் 'கச்சா' என்னும் முறையால் கிடைக்கின்றன. யப்பானியக் கடைவாசல்களில் காசு போட்டுத் திருகினால் ஏதோவொரு பொம்மை விழும் இயந்திரத்திலிருந்து வந்த பெயர் இது. நம் சந்திகளில் விற்கும் லொத்தர் சீட்டின் உடன்பிறப்பு. ஓர் இழுப்பில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். தொண்ணூறாவது இழுப்பில் அத்தகைய ஒன்று உறுதி; விரும்பியதே வரும் என்பது அப்போதும் உறுதியன்று. விளையாடிச் சேர்க்கும் கற்கள் தீர்ந்ததும் பணம் கேட்கப்படுகின்றது. இங்கு கை செய்வது வீரமுமன்று, உழைப்புமன்று, சீட்டு இழுப்பதே. யப்பானிய அரசின் நுகர்வோர் அலுவலகம் இம்முறையின் கொடிய வடிவமொன்றை 2012இலேயே சட்டவிரோதமென அறிவித்தது. 2025 ஜனவரியில், ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு தொடுத்த வழக்கில், இவ்விளையாட்டை வெளியிடுவோர் 2 கோடி டொலர் செலுத்தவும், பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் இசைவின்றி இத்தகைய சீட்டுப் பெட்டிகளை விற்காதிருக்கவும் உடன்பட்டனர்.

இதன் பொருளை ஆசிரியர்கள் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை விலைகொடுத்துக் கதையை வாங்குகின்றது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இலவசமாகச் சூதாட்டம் கொடுக்கப்படுகின்றது. முன்னதன் நேரம் ஒருநாள் முடியும் கதையிற் செல்கின்றது. பின்னதன் நேரமோ முடிவே இல்லாத வாணிபத்துக்கு இரையாகின்றது. மிட்காரின் இரண்டு அடுக்குகளும் திரைக்குள் மட்டுமன்றித் திரைக்கு வெளியேயும் உள. இவ்வேற்றுமையைக் காணாது, 'எல்லா விளையாட்டும் கேடு' என ஒரே மூச்சிற் கூறுவது, சுரண்டுவோனையும் கலைஞனையும் ஒரே கூண்டில் நிறுத்துவதாகும்.

வேறுவகைக் கைச்செயல் இயலுமா எனக் கேட்போர்க்குத் தமிழரே விடை தந்துள்ளனர். யப்பானிய பாணிக்குப் புறத்தே, ரொறொன்ரோவிலுள்ள விசை என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வைச் சொல்கின்றோம். தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பாவும் பாவலனும், அங்கே பிறந்த மகன் கவினும் அதன் மாந்தர். கதை 1988இல் தொடங்குகின்றது. போருமில்லை, சேகரிப்புமில்லை. தாயின் பழைய சமையற் குறிப்பேட்டில் கிழிந்தும் அழிந்தும்போன வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி இட்டுப் பிட்டு அவிக்க வேண்டும். நிலையான வேலைக்கு அலையும் பெற்றோரின் களைப்பும், தாய்மொழி கூச்சமாகிவிட்ட மகனின் விலகலும் அச்சமையலூடே புலப்படுகின்றன. வீட்டுப் பெண்ணின் உழைப்பு என்பது அறிவும் நினைவும் கலந்த தொழில் என்பதைக் கதை சொல்லுமுன்பே கை உணர்ந்துவிடுகின்றது. 2024இல் பிரித்தானியாவின் பாப்டா அமைப்பு முதற்படைப்புக்கான பரிசை இதற்கு வழங்கியது. இதற்கும் குறையுண்டு. இரண்டு மணிநேரத்துக்குள் முடியும் கதையில் பெற்றோரின் வேலைத்தலம் நிழலாகவே நிற்கின்றது. துயரம் குடும்பச் சுவர்களுக்குள் தங்கிவிடுகின்றது. எனினும் சொல்லும் செயலும் முரணாதிருத்தலில் பெருநிறுவனங்களின் படைப்புகளை இச்சிறுபடைப்பு விஞ்சி நிற்கின்றது.

மட்டக்களப்பு மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. நம் கொம்பு விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இருபுறமும் இழுப்பர். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த இதனை மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் ஊரார் ஆடினர். பழமை என்பதற்காக இதனைப் போற்றவில்லை. சாதிப் பிரிவும் பெண்களை ஒதுக்கும் வழக்கமும் நம் சடங்குகளில் இருந்தவையே. ஆயினும் அவ்விளையாட்டில் வடத்தைப் பிடித்த கைகள் பல. தனியொரு வீரன் ஊரைக் காப்பதில்லை. இன்றைய பெரும் வீடியோ விளையாட்டுகளில் நாம் காண விழைவதும் அரிதிற் காண்பதும் இத்தகைய பல கைகளையே.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு நாம் முன்வைக்கும் யோசனை எளியது. பாடசாலைத் தமிழ் மன்றங்களில் நாவலையும் நாடகத்தையும் ஆராய்வதுபோல விளையாட்டையும் மாணவர் ஆராயட்டும். மூன்று கேள்விகள் போதும்: இதிலே உழைப்போர் யாவர்? விடிவைக் கொணர்வோர் யாவர்? இவ்வளவு நேரமும் உன் கை செய்தது யாது? மூன்றாம் கேள்விக்கு ஒரு மாணவன் 'சீட்டு இழுத்தேன்' எனத் தானே விடைகூறுவானாயின், அவனிடமிருந்து கைத்தொலைபேசியைப் பறிக்க வேண்டிய தேவை அன்றே பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி நம் எழுத்தாளரிடமும் கணினி கற்ற இளைஞரிடமும் உள்ளது. வாவிக்கரை மக்களின் வாழ்வை அவர்தம் மொழியிலே, அவர்தம் கைச்செயலாலே சொல்லும் விளையாட்டு ஒன்றை அவர்கள் ஆக்கித் தரவேண்டும். ரொறொன்ரோவில் ஒரு சிறு குழுவுக்கு இயன்றது இங்கும் இயலும்.