அச்சு இறங்கிய கரை, இறங்காத கரை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இன்றும் நிற்கிறது. உள்ளே இருக்கும் கல்லறைகளில் நுணுக்கமாக வெட்டிய டச்சு எழுத்துகளைப் பார்க்கலாம். மெல்லிய துணிக்குப் பேர்போன அந்தத் துறைமுகத்தில் அச்சகம் அமையவில்லை. டச்சுக் கம்பெனி தன் அச்சகத்தைக் கொழும்பில் நிறுவியது, அதுவும் 1730களில்தான். ஆனால் இதே கடலோரத்தில், டேனியர்களின் சிற்றூரான தரங்கம்பாடியில், 1713இலேயே தமிழ் அச்சேறிவிட்டது. செல்வமும் கப்பலும் அதிகம் வைத்திருந்தவர்களுக்குத் தோன்றாத ஒன்று டேனியர்களின் ஊரில் எப்படி நடந்தது?

டேனியக் கம்பெனிக்கு அச்சின்மேல் பற்று இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து கோட்டை கட்டியவர்கள், ஏறக்குறைய நூறாண்டுகள் வணிகத்திலேயே குறியாக இருந்தார்கள். டேனிய அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் கரையேறினார். அவரைச் சில மாதம் சிறையில் அடைத்தவரே கம்பெனியின் தளபதி ஹாசியஸ்தான். அச்சுப்பொறியை அனுப்பியது லண்டனின் கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள், உடன் வந்த அச்சுக்காரர் கடலிலேயே இறந்துபோனார், பொறி மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

இதுவரை எல்லா நூல்களிலும் இருக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘கிறித்தவமும் தமிழும்’, பிரியோல்கர் 1958இல் எழுதிய இந்திய அச்சு வரலாறு, ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் 2003ஆம் ஆண்டு ஆய்வு ஆகியவை இந்தத் துறையின் அடிப்படை நூல்கள். ஆயினும் அச்சகத்துக்குப் பணம் வந்த வழியை நம் எழுத்தாளர்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். 1710 முதல் ஹாலேயில் ஓர் இதழ் வந்துகொண்டிருந்தது. தரங்கம்பாடிக் கடிதங்களை அச்சிட்ட அந்த ‘ஹாலே அறிக்கைகள்’ 1772 வரை தொடர்ந்தன. படித்தவர்கள் நன்கொடை அனுப்பினார்கள், நன்கொடையால் தரங்கம்பாடிப் பணி நடந்தது, அது அடுத்த இதழுக்குச் செய்தியானது. வாசகர் பணத்தில் வாழும் ஊடகம் இது. கோபன்ஹேகனின் பெர்லிங்ஸ்கே நாளிதழே இதற்குப் பிறகு, 1749இல்தான் தொடங்கியது. 

அந்த இதழில் தமிழர்களும் எழுதினார்கள். மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் அளித்த 99 பதில் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் வெளிவந்தன. சாதி, திருமணம், வழிபாடு பற்றித் தங்கள் நியாயத்தைத் தாங்களே சொன்ன கடிதங்கள் அவை. எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் வரவில்லை. நம் இதழியல் வரலாறு அவர்களைத் தன் முன்னோர்களாக இன்னும் ஏற்காதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. அந்த இதழும் எல்லாவற்றையும் அச்சிட்டுவிடவில்லை. சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் முடித்த நூலை ஹாலே ஒதுக்கிவைத்தது, அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. அவர் திரட்டிய தமிழ்ச் சுவடிகளின் பட்டியலை வில் ஸ்வீட்மனும் இரா. இலக்குவனும் 2012இல் பதிப்பித்தார்கள்.

சதுரங்கப்பட்டினம் அடங்கிய செங்கல்பட்டுச் சீமைக்கு வடக்கே, சென்னையில், அச்சு பின்னர் இறங்கியது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கிடைத்த அச்சுப்பொறி, ஹாலேயிலிருந்து வந்திருந்த மிஷனரி பப்ரிசியஸின் பொறுப்பில் சென்னையின் வேப்பேரிக்குப் போனது. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலக் கம்பெனி அரசாங்கத்தின் வேலைகளையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்பது நிபந்தனை. இரண்டே ஆண்டில், 1763இல், செங்கல்பட்டு ஜாகீராக அதே கம்பெனியின் கைக்குப் போயிற்று. நன்கொடையாளர்களை நம்பித் தொடங்கிய அச்சு வேலை, வேப்பேரியில் அரசாங்கத்தின் வேலையையும் சுமந்தது. அங்கேயே 1779இல் பப்ரிசியஸின் தமிழ் - ஆங்கில அகராதியும் அச்சானது.