முதல் திருத்தத்தைப் படிப்பவர் யார்?

கட்டற்ற மென்பொருளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் பட்டறை எங்கே நடந்தாலும் நான் அதை ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். வந்திருக்கும் மாணவி நாளைக்கு முதன்முதலாக ஒரு திருத்தம் அனுப்பினால், அதைப் படித்துப் பார்த்துப் பதில் எழுதப்போவது யார்? அந்த ஆள் அரங்கிலேயே உட்கார்ந்திருந்தால் பட்டறை பலிக்கும். அவர் இல்லாத பட்டறை எவ்வளவு கலகலப்பாக நடந்தாலும் ஒரு மாதம் கழித்து அதன் தடம்கூட இருக்காது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இந்த விஷயத்தில் இருக்கும் வித்தியாசம், பலரும் நினைப்பதைவிடப் பெரியது.

இலங்கையில் பேச்சு உடனே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும். 2005இல் கூகுள் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில், மாணவர்களும் பிற புதியவர்களும் ஏதாவதொரு திறமூலத் திட்டத்துக்கு வழிகாட்டி ஒருவரின் கீழ் சில மாதங்கள் நிரல் எழுதுகிறார்கள், உதவித்தொகை உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அதிகம் பேர் தேர்வானார்கள் என்று கணக்கெடுத்தபோது உலகிலேயே முதலிடத்தில் மொறட்டுவை இருந்தது, அதுவும் ஒருமுறை அல்ல, பல ஆண்டுகள். சுமார் இரண்டு கோடி மக்கள் வாழும் தீவின் ஒரு வளாகம், ஐஐடிகளையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களையும் தாண்டி நின்றது. தற்செயலாக இப்படி நடக்காது. போன வருடம் தேர்வான சீனியர் இந்த வருடம் விண்ணப்பிக்கும் ஜூனியரின் முன்மொழிவை வாசித்து, “இது நடக்காது, இதைக் குறைத்துக்கொள்” என்று சொல்லும் வழக்கம் அங்கே வேர்விட்டதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அங்கே நடக்கும் செயலமர்வு ஒரு தொடக்கம் மட்டுமே. உண்மையான பயிற்சி அதற்குப் பின் விடுதி அறையிலும் கணினிக் கூடத்திலும் நடக்கிறது.

அந்தப் பழக்கத்துக்கு அடித்தளம் கூகுளின் திட்டத்துக்கும் முந்தியது. 2003இல் உருவான லங்கா சாஃப்ட்வேர் பவுண்டேஷன், பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பை அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களோடு இணைத்தது. ‘சந்தேஷ’, ‘கந்துல’ என்று சிங்களப் பெயர் தாங்கிய அப்பாச்சித் திட்டங்கள் அப்படித்தான் வந்தன. அப்பாச்சியில் எழுதும் உரிமை கேட்டுக் கிடைப்பதில்லை. ஒருவர் அனுப்பும் திருத்தங்களை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, வாக்களித்து அவரை ‘கமிட்டர்’ ஆக்குவார்கள். படிக்கும்போதே அந்த உரிமை பெற்ற ஒருவர் ஊரிலேயே வேலைக்குச் சேர்ந்தால், அடுத்த தொகுதி மாணவர்களுக்கு அவரே வாசலில் நிற்பவர். 2005இல் கொழும்பில் சஞ்சீவ வீரவரண தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தன் மென்பொருளையே திறமூலமாக வெளியிட்டதால், அப்படிப்பட்டவர்களுக்கு ஊரிலேயே வேலையும் இருந்தது.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், பாதை வேறு. இங்கே இயக்கத்தைத் தாங்கியவை பயனர் குழுக்கள். சென்னையின் லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். கல்லூரி அடையாள அட்டை தேவையில்லை. அந்த மரபில்தான் காஞ்சிபுரமும் விழுப்புரமும் வருகின்றன. விழுப்புரம் குழு, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கும் கட்டணமில்லாமல் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தருகிறது, அதுவும் தமிழில். இதன் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். மொறட்டுவையின் சாதனை, உயர்தரப் பரீட்சையில் மிக மேலே வந்தவர்களை வைத்துச் செய்த சாதனை. விழுப்புரம் அப்படி யாரையும் வடிகட்டி எடுப்பதில்லை.

ஆனால் பயனர் குழுக்களுக்கு வெளியே, கல்லூரி அரங்குகளில் நடக்கும் பட்டறைகளைப் பார்த்தால் மனம் சோர்கிறது. குத்துவிளக்கு, பொன்னாடை, முந்நூறு மாணவர்கள், சிறப்பு விருந்தினர் உரை, மாலையில் சான்றிதழ், குழுப்படம். பங்களிப்பு என்றால் என்ன என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார்கள். எந்தத் திட்டத்துக்கு, எந்த வழுவை, யாரிடம் என்று சொல்வதில்லை. விளைவு உலகத்துக்கே தெரிந்தது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற அக்டோபர் மாத நிகழ்வு 2020இல், நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-சட்டை என்று அறிவித்திருந்தது. இந்திய யூடியூப் காணொளி ஒன்று, ஒரு சொல்லை மாற்றி அனுப்புவது எப்படி என்று செய்துகாட்டியது. உலகெங்கும் திட்டங்களைப் பராமரிப்போர்மீது வெற்றுத் திருத்தங்கள் வந்து குவிந்தன. அக்டோபர் தொடங்கிய சில நாள்களிலேயே விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும் பங்கேற்கலாம் என்றாக்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகள் கழித்து ‘எக்ஸ்பிரஸ்’ என்ற பிரபலமான திட்டத்துக்கும் இதே கதி. ஒரு பாடக் காணொளியைப் பின்பற்றி, அறிமுகக் கோப்பில் தம் பெயரைச் சேர்க்கச் சொல்லி மாணவர்கள் அடுக்கடுக்காக அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆர்வத்தைக் கிளப்பிவிட்டு வழிகாட்டாமல் விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கலை இந்தியாவிலேயே முன்கூட்டிக் கண்டவர்கள் உண்டு. பெங்களூரில் 2001இல் ‘லினக்ஸ் பெங்களூரு’ என்று தொடங்கிப் பின்னர் ‘ஃபாஸ் டாட் இன்’ ஆன மாநாட்டில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். இத்தனை பேர் வந்தும் பங்களிப்பவர்கள் ஏன் பெருகவில்லை என்று அதை நடத்திய அதுல் சிட்னிஸும் நண்பர்களும் வெளிப்படையாகக் கேட்டார்கள். 2008இல் உரைகளின் முக்கியத்துவத்தைக் குறைத்து, திட்டத்தை நடத்துபவரோடு உட்கார்ந்து நிரல் எழுதும் அமர்வுகளை மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாநாடு 2012க்குப் பிறகு நடக்கவில்லை. அதன் பாடம் மட்டும் கல்லூரி அரங்குகளை இன்னும் எட்டவில்லை.

இலங்கை வழியிலும் குறை உண்டு, சிறியதும் அல்ல. எல்லாம் ஒரு வளாகத்திலும் மேற்கு மாகாணத்திலும் ஆங்கிலத்திலும் குவிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படிக்கும் மாணவருக்கு அந்தச் சீனியர் எளிதில் கிடைப்பதில்லை. டாலரில் வரும் உதவித்தொகை இலங்கை ரூபாயில் பெருந்தொகை என்பதையும் மறைக்கக் கூடாது. தொகை நின்றதும் திட்டத்தை விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டைவிட்டுப் போன பொறியாளர்களோடு சேர்ந்து, அந்தச் சீனியர்-ஜூனியர் சங்கிலியின் கண்ணிகளும் போய்விடுகின்றன.

இரண்டு வழிகளின் பலமும் பலவீனமும் பேரிடர் நாள்களில் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கொழும்பில் கூடிய தன்னார்வலர்கள் சில நாள்களில் ‘சஹானா’வை எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருந்தன. அலை வடிந்ததும் அவர்கள் கலைந்துவிடவில்லை. லங்கா சாஃப்ட்வேர் பவுண்டேஷன் அதைப் பொறுப்பேற்றது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அதே மென்பொருள் பயன்பட்டது. இடையே 2009இல் தனி அறக்கட்டளையும் அமைந்தது. 2018 வெள்ளத்தில் கேரளம் ‘கேரளா ரெஸ்க்யூ’ தளத்தைக் கட்டியது. அரசின் ஐடி மிஷனும் ஐஇஇஇ கேரளப் பிரிவும் அழைக்க, உலகெங்குமிருந்து மாணவர்களும் பொறியாளர்களும் கிட்ஹப்பில் வந்து குவிந்தார்கள். அந்த வேகத்தைச் சஹானாவும் கண்டதில்லை. நிரல் திறந்தே கிடந்தது, உயிர்களும் காப்பாற்றப்பட்டன. வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி தத்தம் வேலைக்குத் திரும்பிவிட்டது. சஹானாவைப் போல அது நாடு நாடாகப் போகவில்லை.

இரு கரையும் ஒன்றாக வேலை செய்யும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: தமிழ் விக்கிப்பீடியா. அதை 2003இல் தளம்போட்டு வளர்த்த இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், அமீரகத்தில் வாழ்ந்தபடி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். அங்கே திருநெல்வேலிக்காரர் தொடங்கும் கட்டுரையை மட்டக்களப்புக்காரர் சில மணி நேரத்தில் திருத்திவிடலாம். புதியவருக்கு முதல் பதில் விரைவாகக் கிடைக்கிறது, பதில் எழுதுபவர் எந்த நாட்டவர் என்பது ஒரு பொருட்டே இல்லை.

நிரல் எழுதும் பட்டறைக்கும் இதைச் செய்யலாம். விழுப்புரமும் யாழ்ப்பாணமும் சேர்ந்து ஒரு பட்டறை நடத்தட்டும். முந்நூறு பேர் வேண்டாம், இருபது பேர் போதும். எழுத்துணரி, எழுத்துப்பிழை திருத்தி, லிப்ரே ஆபீஸ் இடைமுகம் என்று தமிழுக்கு உடனே தேவைப்படும் மூன்று நான்கு திட்டங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் புதியவர் ஒரே மாலையில் முடிக்கக்கூடிய வழுக்களை முன்பே குறித்துவைக்க வேண்டும். திட்டத்தைப் பராமரிப்பவர் அறையில் இருக்க வேண்டும், முடியாவிட்டால் திரையிலாவது. பட்டறைக்குப் பின் மூன்று மாதம், வாரத்துக்கு ஒரு மாலை, வரும் திருத்தங்களைப் படிக்க இருவர் பெயரை அழைப்பிதழிலேயே அச்சிடலாம். சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டுமானால் திருத்தம் ஏற்கப்பட்ட பின் கொடுக்கட்டும். அடுத்த வருடப் பட்டறையில் திருத்தங்களைப் படிக்கும் அந்த இருவரும் இந்த இருபது பேரிலிருந்து வர வேண்டும். ஒருவர் இக்கரை, ஒருவர் அக்கரை.