காலி அட்டையும் க்யூஆர் கோடும்

கள்ளக்குறிச்சி மெடிக்கல் கடைகளில் சாயங்காலம் நின்று பார்த்தால், டாக்டர் சீட்டு நீட்டுகிறவர்களுக்கு நடுவே காலி அட்டை நீட்டுகிறவர்களும் இருப்பார்கள். "இதே பிரஷர் மாத்திரை பத்து குடுங்க." பிரஷருக்கான டெல்மிசார்டானும் கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாடினும் சட்டப்படி சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துகள். நடைமுறை அப்படி இல்லை. காலி அட்டையோடு வருகிறவருக்குச் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் எந்த அளவுக்குக் காவல் என்று தெரிந்துகொள்ளத்தான் அதில் பயன்படும் சில கருவிகளை எடுத்துப் பார்த்தேன்.

முதலில் க்யூஆர் கோடு. 2023 ஆகஸ்ட் 1 முதல், பட்டியலிடப்பட்ட 300 பிராண்டுகளுக்கு இது கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் மூலப்பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி வரும். அருமையான ஏற்பாடு. ஆனால் அட்டையில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சிட்டால் போதும் என்கிறது விதி. பெட்டியோ கடையிலேயே தங்கிவிடும். ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். தேதியும் கோடும் மறுபாதியோடு போய்விடும். கத்தரிப்பதற்கு முன்பே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அடுத்து, 2019இல் வந்த ஜன் ஔஷதி சுகம் செயலி. பக்கத்து மலிவு மருந்தகத்தையும் விலையையும் காட்டுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, மருந்தை மூலப்பெயரில் பட்டியலிடுவது. டெல்மிசார்டான் தனி; அதனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்தது தனி; ஆம்லோடிபின் சேர்ந்தது தனி. பிராண்டுப் பெயரின் வாலில் ஓர் எழுத்து மாறினால் உள்ளே இன்னொரு மருந்து கூடிவிடுகிறது என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது.

இந்தக் கருவிகள் சொல்வது மாத்திரையைப் பற்றி. அதைச் சாப்பிடப்போகும் உடம்பைப் பற்றிக் கேட்கும் கருவி அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. ஆஸ்ட்ராஜெனிகா நிதியில், கிளீவ்லேண்ட் கிளினிக்கின் ஸ்டீவன் நிஸ்ஸன் நடத்திய டாக்டிக் ஆய்வு. முடிவு வந்தது 2024இல். 1,196 பேர் வலைச்செயலியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கொலஸ்ட்ரால் மாத்திரையான ரோசுவாஸ்டாடின் 5 மி.கி. தங்களுக்கு ஏற்றதா என்று பார்த்தார்கள். 90.7 சதவீதம் பேருக்குச் செயலியின் முதல் முடிவும் மருத்துவரின் முடிவும் ஒத்துப்போயின. வேண்டாம், டாக்டரிடம் கேள் என்றும் அது சொல்லும். இதுதான் நமக்குத் தேவையான கருவி.

அதற்குக் கொலஸ்ட்ரால் அளவும் ரத்த அழுத்த எண்ணும் கையில் வேண்டுமே! இணையமும் வேண்டும்; கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும்போதோ சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது. இந்த மலைக் கிராமங்களில் அந்தப் பிரஷர் எண்ணை வீட்டுக்கே கொண்டுவருவது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். கர்ப்பமா, சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறென்ன மாத்திரை போகிறது என்று தமிழில் குரலாகவே கேட்டு, இணையம் இல்லாமலும் ஓடும் செயலி அவர் போனில் இருக்க வேண்டும். அரசு அதைச் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

அதுவரை, விலைக்கு சுகம், பேட்சுக்குக் கோடு. புது இதய மாத்திரையைத் தொடங்குவதற்கு இரண்டும் உதவாது. நெஞ்சு வலித்தால் வாய்வு என்று எண்ணிச் செயலியில் தேட வேண்டாம். 108ஐ அழையுங்கள். இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நெஞ்சு வலியோடு வருகிறவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் முதல் டோஸ் தருகிறார்கள்.