ஊசி போய்த் திரும்பும் தூரம்

நல்ல ரோட்டரி டாட்டூ மெஷினைக் கையில் எடுத்து ஓடவிட்டதும் முதலில் மனத்தைக் கவர்வது அதன் அடக்கம். காயில் மெஷின் மின்காந்தத்தின் இழுப்பிலும் ஸ்பிரிங்கின் உதறலிலும் துடிப்பது. அதன் ரீங்காரம் கடை வாசலிலேயே கேட்கும். ரோட்டரியில் சுழற்சிதான் எல்லாம். ஒரு சின்ன மோட்டார் சுழல, அதன் அச்சில் மையம் தள்ளிப் பொருத்திய சக்கரம் அந்தச் சுழற்சியை முன்பின் அசைவாக்கி ஊசிக்குக் கொடுக்கிறது. அசையும் உறுப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஒரு மெஷினுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோல் உடனே கண்டுகொள்ளும். மை முழுதாக இறங்க வேண்டும், தோல் குறைவாகப் புண்பட வேண்டும். இந்தக் கருவியின் அழகு முழுவதும் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது.

மின்சாரத்தால் ஓடும் வகைகளில் இதுதான் மூத்தது. 1876-ல் தாமஸ் எடிசன் காப்புரிமை பெற்ற மின்பேனா, தலையில் மோட்டாரைச் சுமந்துகொண்டு காகிதத்தில் நுண்ணிய துளைகள் போட்டது. அந்தத் துளைத்தாளின் மேல் மை உருட்டிப் படிகள் எடுத்தார்கள். அலுவலகத்துக்காகப் பிறந்த அந்த உத்தியைத் தோலுக்குத் திருப்பியவர் நியூயார்க்கில் பச்சை குத்திவந்த சாமுவேல் ஓ'ரைலி. 1891 டிசம்பரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு காயில் மெஷின் வந்து இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்டது. சிறிய, வலுவான மோட்டார்களும், பெர்லினின் செயன் போன்ற பிராண்டுகள் பரப்பிய, ஊசியும் முனைக்குழலும் ஒன்றாய் அமைந்த கார்ட்ரிட்ஜ் ஊசிகளும் ரோட்டரியை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தன. நம் ஊர்த் திருவிழாக்களில் பச்சை குத்துகிறவர்கள் கையில் கண்ட சிறு மோட்டார் கருவியும் இதே வம்சம்தான்.

வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஸ்ட்ரோக், அதாவது ஊசி போய்த் திரும்பும் தூரம். சக்கரத்தின் மையம் 1.75 மி.மீ. தள்ளியிருந்தால் ஸ்ட்ரோக் அதன் இருமடங்கு, 3.5 மி.மீ. தோலுக்குள் ஊசி இறங்க வேண்டியதோ 1 முதல் 2 மி.மீ.தான். மை மேல்தோலோடு நின்றால் உதிர்ந்துபோகும். உள்தோலில் தங்கினால் நிலைக்கும். அதற்கும் கீழே கொழுப்பு வரை போனால் கோட்டோரம் நீலம்பாரித்துக் கசியும். மிச்சத் தூரத்தில்தான் ஊசி தோலைவிட்டு வெளியே வந்து, வேகம் சேர்த்து, மறுபடி இறங்குகிறது. 4 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்ட்ரோக்கில் ஊசி பாய்ந்து இறங்கும். தடித்த கோடு ஒரே இழுப்பில் விழும். 2.5 முதல் 3 மி.மீ. ஸ்ட்ரோக் மென்மையானது, முகச் சித்திரத்தின் கன்னத்து நிழலைச் சாம்பலில் தொடங்கிப் படிப்படியாகக் கருப்புக்கு ஏற்ற அதுவே சுகம். 3.5 இரண்டு வேலைக்கும் ஈடுகொடுக்கும்.

அடுத்தது மோட்டார். காற்றில் எல்லா மெஷினும் அழகாகத்தான் ஓடும். தோலில் இறங்கும்போதுதான் தடை. மூன்று ஊசிகளை நெருக்கிக் கட்டிய லைனரில் தெரியாத தடை, 15 ஊசிகள் கொண்ட மேக்னத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். சத்தில்லாத மோட்டார் அங்கே திணறும், சத்தம் கம்மிப்போகும். ஈடுகட்ட வோல்ட்டை ஏற்றினால், தோலைத் தொடாத நொடிகளில் தறிகெட்டு ஓடும். சுமை ஏறினாலும் சுதி இறங்காமல் இருப்பதே நல்ல மோட்டாரின் லட்சணம். மேக்னம் கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, சிலிக்கான் பயிற்சித் தோலில் ஓட்டிக் காது கொடுத்துக் கேட்ட பிறகே விலை பேசுங்கள். தடை கூடும்போது ஊசி சற்றே விட்டுக்கொடுக்கும் தன்மையை கிவ் என்பார்கள். மோட்டாரின் அசைவை நேரே ஊசிக்குத் தரும் டைரக்ட் டிரைவ் மெஷினில் அது அநேகமாக இராது. கோட்டுக்கு அந்த உறுதி நல்லது. நிழல் போடுகிறவர்கள் கொஞ்சம் கிவ் இருப்பதையே விரும்புவார்கள்.

இனிப் பூட்டும் வேலை. மெஷினுக்கும் வயருக்கும் உறை போட்ட பிறகு, கிருமி நீக்கிய உறையைப் பிரித்துப் புதிய கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும். பேனா வடிவ மெஷின்கள் பெரும்பாலானவற்றில் உள்ளிருக்கும் தண்டு ஊசியை முன்னே தள்ளுவதோடு சரி. பின்னுக்கு இழுப்பது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு. அது தளர்ந்திருந்தால் ஊசி தண்டின் வேகத்துக்குத் திரும்பி வராது. அதிகம் விறைத்திருந்தால் மோட்டாருக்குச் சுமை. மையும் ரத்தமும் மெஷினுக்குள் ஏறாமல் தடுப்பதும் அதே சவ்வுதான். மோட்டாரை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. மஞ்சள் காமாலை வைரஸ்களில் சில ரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. சவ்வில்லாத கார்ட்ரிட்ஜ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பிறகு கைப்பிடியான கிரிப்பைத் திருகி, ஊசி முனை எவ்வளவு வெளியே வர வேண்டும் என்று வைக்கிறோம். ஓடவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் அளவு தெரியும். புதியவர்கள் 2 மி.மீ.க்குள் வைத்து, கார்ட்ரிட்ஜின் நுனியைத் தோலில் லேசாகப் பதித்து ஓட்டலாம். அதற்கு மேல் ஊசி ஆழம் போகாது. தேர்ந்தவர்கள் இன்னும் நீட்டிவைத்து, நுனி தோலில் படாமல் ஓட்டுகிறார்கள். தோலில் முன்பே பதித்த ஸ்டென்சில் கோடு மையில் மறையாமல் தெரியும். ஆழம் முழுவதும் கையின் பொறுப்பு.

கடைசியில் வோல்ட். அடுத்தவரின் எண் உங்களுக்கு உதவாது. ஒரே 7 வோல்ட்டில் இரண்டு மோட்டார்கள் இரண்டு வேகத்தில் ஓடும். கணக்கு இப்படி: நொடிக்கு 120 குத்து விழும்போது கை 2 செ.மீ. நகர்ந்தால், குத்துக்கும் குத்துக்கும் இடைவெளி சுமார் 0.17 மி.மீ. ஊசியின் தடிமன் 0.30 அல்லது 0.35 மி.மீ. ஆகவே புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோடாகின்றன. கை மும்மடங்கு வேகமாகப் போனால் இடைவெளி அரை மி.மீ. ஆகிக் கோடு புள்ளியாக உடையும். அரை செ.மீ.க்குச் சுணங்கினால் அதே இடத்தில் குத்து மேல் குத்து விழுந்து தோல் கிழியும். தையல் மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை ஊசியின் ஓட்டத்தோடு கோத்திருக்கிறார்கள். இங்கே அந்தக் கோர்வை கைக்குத்தான் வர வேண்டும். முதலில் உங்கள் கையின் இயல்பான வேகத்தை அறியுங்கள், பிறகு வோல்ட்டை அதற்கு இசைவாக வையுங்கள். இன்னொரு கை தோலை இழுத்துப் பிடிக்கத் தவறினால் இந்தக் கணக்கெல்லாம் பிசகிவிடும்.

ஒரு மாதம் கழித்துத் தடவிப் பாருங்கள். கோடு மேடு தட்டாமல், நிறம் விட்டுப்போகாமல் ஆறியிருந்தால் மெஷினும் கையும் ஒத்துப்போயின என்று பொருள். முதல் மெஷின் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை இது: 3.5 மி.மீ. ஸ்ட்ரோக், சுமையில் சுதி இறங்காத மோட்டார், சவ்வுள்ள கார்ட்ரிட்ஜ். வண்ணப் பூச்சுக்கும் விளக்குப் பளபளப்புக்கும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்; அதை நல்ல மைக்கும் பயிற்சித் தோலுக்கும் செலவிடுங்கள்.