ஒரு நிமிடத்தில் தெரியும் வாத்தியார்

நந்தனம் வழி, ஐதராபாத் வழி, பட்டாள வழி என்ற மூன்று கால்பந்துப் பயிற்சி வழிகளையும் நம் சங்கத்தாருக்குப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வழிகள் ஃபுட்சால் என்னும் உள்ளரங்க ஐவர் கால்பந்தில் இன்று என்ன ஆயின என்றுதான் சங்க மலர்க் குழுப் பெரியவர்கள் எழுதக் கேட்டார்கள்.

பெரிய மைதானத்தில் பயிற்சியாளரின் குறை தொண்ணூறு நிமிடத்துக்குள் மறைந்துவிடலாம். உள்ளரங்கில் மறையாது. பாதிக்கு 20 நிமிடம். பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். ஆட்களை எத்தனை முறையும் மாற்றலாம். டைம்-அவுட் பாதிக்கு ஒன்றே, அதுவும் ஒரு நிமிடம். யாரை எப்போது வெளியே எடுக்கிறார், அந்த ஒரு நிமிடத்தில் என்ன பேசுகிறார் என்ற இரண்டிலும் வாத்தியாரின் தரம் தெரிந்துவிடும்.

ஐதராபாத் வழியின் மூலவர் சையத் அப்துல் ரஹீம், பள்ளி ஆசிரியர். 1951, 1962 ஆசியப் போட்டிகளில் தங்கமும், 1956 மெல்போர்னில் நான்காம் இடமும் அவர் காலத்தவை. பலமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று அவர் தனிப் போட்டியே வைத்தார். தறியில் நாடா இருபுறமும் ஒரே வேகத்தில் ஓடுவதுபோல் இரண்டு காலும் பழக வேண்டும் என்றால் நம் நெசவூர் குடியாத்தத்துப் பையனுக்கு உடனே விளங்கும். பட்டாள வழி கட்டளை வழி. பீட்டர் தங்கராஜ் கோல் காத்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955, 1958 டூரண்ட் கோப்பைகளை வென்றதே அதன் பலனுக்குச் சான்று.

நந்தனம் வழிதான் நம்முடையது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில், இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, மான்டிவிடியோ ஒய்.எம்.சி.ஏ.வில்தான் ஹுவான் கார்லோஸ் செரியானி ஐவர் ஆட்டத்துக்கு விதி வகுத்தார். நந்தனம் வழியில் வந்த நம் பி.டி. மாஸ்டர், மழைக்காலத்தில் பள்ளிக்கூடச் சிமெண்ட் தரையிலேயே ஐவர் ஆட்டம் நடத்தினார். இடைவேளையில் ஒரே ஒரு பையனிடம் ஒரே ஒரு விஷயம் சொல்வார். மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். தவறு செய்தவனை உடனே வெளியே எடுக்க மாட்டார்; அடுத்து ஒரு நல்ல பாஸ் கொடுக்கும்வரை காத்திருந்து அதன் பிறகே கூப்பிடுவார். வெளியே வந்த பையன் தலை குனிந்ததில்லை.

இன்று வசதி கூடியிருக்கிறது. 2021-இல் தேசிய கிளப் ஃபுட்சால் போட்டி தொடங்கியது. 2023-இல் இந்திய அணி ஆசியத் தகுதிச் சுற்றில் முதன்முறையாக ஆடியது. பயிற்சி தருவோரில் நல்லவர்கள் பலர். யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஆனால் சில டர்ஃப்களில் கேட்கும் கூச்சலைச் சொல்லாமலும் இருக்க முடியாது. கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பந்துக்கும் கத்துகிறார்கள். ஒரு பாதியில் ஆறாவது ஃபவுல் செய்தால் எதிரணிக்குச் சுவரில்லாத உதை கிடைக்கும் என்பதே தெரியாமல் நடுவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பெற்றோர் பார்க்க வந்தால் அவர்கள் பிள்ளை முழு நேரமும் ஆடுகிறான். ஜவுளிக்கடை வேலை முடித்து ஓடி வருகிறவன் பெஞ்சிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறான். டைம்-அவுட்டில் ஐந்து பேருக்கும் ஐந்து திட்டு. பையன் பந்தை வாங்கவே பயப்படுகிறான். பயந்தவன் பள்ளி அணிக்கு வருவதில்லை, பள்ளி அணி இல்லாத ஊரில் மைதானம் இல்லை, மைதானம் இல்லாத ஊரில் இன்னொரு தங்கராஜ் எங்கிருந்து வருவார்? ஒரு தலைமுறையே இப்படிக் கைநழுவிப் போகிறது.

நம் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் போட்டியில், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பையனையும் முதல் பாதிக்குள் ஒருமுறையாவது களமிறக்க வேண்டும் என்ற விதியை நிர்வாகக் குழு சேர்க்கும்படி பெரியவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.