சுமை ஏறாத தோள்

நப்ட்ஸி என்ற ஜாக்கெட்டை அதன் தோளை வைத்தே அடையாளம் காணலாம். உடல் பகுதி மஞ்சளோ சிவப்போ நீலமோ, தோள் மட்டும் கறுப்பு. மலையேறுபவரின் முதுகுப்பை வார் உராய்ந்து முதலில் நைந்துபோகிற இடம் தோள். அங்கே உறுதி வேண்டும் என்ற கணக்கில் வந்தது அந்தக் கறுப்புத் துணி. 1992இல் தி நார்த் ஃபேஸ் நிறுவனம் இந்த இறகு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தபோது, எவரெஸ்ட்டை ஒட்டி நிற்கும் 7,861 மீட்டர் உயரச் சிகரத்தின் பெயரை அதற்குச் சூட்டியது. இன்று அந்தக் கறுப்புத் தோளை நியூயார்க்கின் சுரங்க ரயிலிலும் சியோலின் பள்ளி வாசல்களிலும் பார்க்க முடிகிறது. அவற்றில் பெரும்பாலான தோள்களில் மடிக்கணினிப் பையைவிடக் கனமாக எதுவும் ஏறுவதில்லை.

மலைக்கென்று செய்த உடையை நகரம் தன் நாகரிகமாக்கிக்கொண்டதற்கு ஃபேஷன் உலகம் வைத்திருக்கும் பெயர் கோர்ப்கோர். நடைப்பயணிகள் கொறிக்க எடுத்துச்செல்லும் உலர்திராட்சை, வேர்க்கடலைக் கலவையை அமெரிக்காவில் கோர்ப் என்பார்கள். 2017இல் நியூயார்க் இதழின் 'தி கட்' பகுதியில் வந்த ஒரு கட்டுரை அதிலிருந்து இந்தப் பெயரை உண்டாக்கியது. பிறகு நடந்தவை வேகமானவை. 2020 பிப்ரவரியில் பாரிஸில் வடிவமைப்பாளர் வெர்ஜில் ஆப்லோ தன் ஆஃப் ஒயிட் மேடையில், மேல்பாதி ஆர்க்டெரிக்ஸ் மலை ஜாக்கெட்டாகவும் கீழ்பாதி விருந்துக் கவுனாகவும் இருந்த உடைகளை நடக்கவிட்டார். 2021 தொடங்கும் வேளையில் கூச்சியும் தி நார்த் ஃபேஸும் சேர்ந்து செய்த உடைகள் கடைக்கு வந்தன. 2023இல் சூப்பர் பவுல் மேடையில் பாடிய ரிஹானாவின் காலில் இருந்தது, பிரான்சின் ஆன்சி நகரில் 1947இல் தொடங்கிய சாலமன் நிறுவனம் ஒரு ஃபேஷன் இல்லத்துடன் சேர்ந்து செய்த ஷூ.

இந்த மாற்றத்தைக் குறைசொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மலையே ஏறாதவருக்கு மலையேற்ற உடை எதற்கு? கேட்கச் சுலபமான கேள்வி. ஆனால் தவறான இடத்தைத் தட்டுகிற கேள்வி. அணிபவர் எங்கே போகிறார் என்று பார்ப்பதைவிட, அந்த உடையை எத்தனை ஆண்டு அணிகிறார் என்று பார்த்தால்தான் இந்தப் பழக்கத்தின் நன்மையும் தீமையும் துலங்கும் என்பது என் கருத்து.

கலந்தே ஓடிய வழி

மலைக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு காலத்தில் தெளிவான வேலி இருந்தது, ஃபேஷன் வந்து அதைப் பிடுங்கிவிட்டது என்று நினைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. தி நார்த் ஃபேஸ் 1966இல் சான் பிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில் ஒரு கடையாகத் தொடங்கியது. திறப்பு நாளில் அங்கே வாசித்தது கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு. பனிமலைப் பொருள் விற்கும் கடை பிறந்த அன்றே, நகரத்து இளைஞர் கலாச்சாரம் அதன் வாசலில் நின்றிருந்தது.

படகோனியா நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. அதைத் தொடங்கிய இவோன் ஷுனார் அடிப்படையில் ஒரு கொல்லர். பாறை ஏறுபவர்களுக்கு ஆணி அடித்துக்கொடுத்துப் பிழைத்தவர். 1970இல் ஸ்காட்லாந்துக்கு ஏறப் போனவர், அங்கே ரக்பி ஆட்டக்காரர்கள் போடும் சட்டை ஒன்றை வாங்கினார். தடித்த கழுத்துப்பட்டை, தோளில் தொங்கும் கருவிகளின் வார் கழுத்தை அறுக்காமல் காத்தது. ஊர் திரும்பியதும் நண்பர்கள் எல்லோரும் தங்களுக்கும் அந்தச் சட்டை வேண்டும் என்றார்கள். அவருடைய துணி வியாபாரம் அப்படித்தான் தொடங்கியது. மைதானத்துச் சட்டை மலைக்குப் போய், மலையிலிருந்து கடைக்கு இறங்கி வந்திருக்கிறது. முன்னோடிகளும் உண்டு. தாமஸ் பர்பெரி 1879இல் நெய்த கேபர்டீன் துணி தென்துருவப் பயணிகளையும், 1924இல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜார்ஜ் மல்லரியையும் போர்த்தியிருந்தது. இன்று அது பணக்காரக் கடைவீதிகளின் துணி. 1873இல் செப்பு ரிவெட் அடித்துக் காப்புரிமை பெற்ற உழைப்பாளிகளின் கால்சட்டைதான் இன்று உலகம் முழுவதும் அணியும் ஜீன்ஸ். உழைப்புக்கென்று பிறந்த உடை ஊருக்கு வருவது புதிதில்லை. அப்படி வந்த பல உடைகளால் ஊருக்கு நன்மையே நேர்ந்திருக்கிறது.

கொடுத்தவை

முதல் நன்மை, தயாரிப்பின் நேர்மை. மலையில் ஜிப் சிக்கினால் விரல் விறைக்கும். தையல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பயம் இந்த உடைகளின் ஒவ்வொரு மடிப்பிலும் இருக்கிறது. தையல் வழியே நீர் கசியாதபடி உள்ளே ஒட்டும் நாடா, கையுறையோடு பிடித்து இழுக்கத் தோதான ஜிப் இழுவை, முதுகுப்பையின் இடுப்புவார் மறைக்காத உயரத்தில் பை. இரண்டு சலவையில் கோணிப்போகும் மலிவுத் துணிகளுக்குப் பழகிய தலைமுறை, ஒரு பொருள் ஏன் இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்கக் கற்றது இந்த உடைகளிடம்தான்.

இரண்டாவது, நகரத்திலும் வானிலை உண்டு. சைக்கிளில் வேலைக்குப் போகிறவரும், மழையில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞரும், குளிர்காலத்தில் தெருமுனையில் மணிக்கணக்காக நிற்கிறவரும் மலையேறிக்குச் சற்றும் குறையாத தேவை உள்ளவர்கள். 1990களில் நியூயார்க்கின் ஹிப் ஹாப் இளைஞர்கள் இறகு ஜாக்கெட்டையும், நீர் புகாத மஞ்சள் டிம்பர்லேண்ட் பூட்ஸையும் தங்களுடையதாக்கிக்கொண்டபோது, அந்த நகரத்தின் குளிருக்கு அவை சரியான விடையாக இருந்தன. மலைப் பொருள் விளம்பரங்கள் வெகுகாலம் வெள்ளை ஆண்களின் முகத்தையே காட்டிவந்தன. விளம்பரத்தில் இடமில்லாதவர்கள் அந்த உடைக்குப் புதிய அர்த்தம் கொடுத்தார்கள். அவர்களைப் போலிகள் என்று சொல்வதில் ஒரு சாதித்தனம் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, விலை குறைந்த கிளைகளும் இந்த அலையில் முளைத்திருக்கின்றன. பிரான்சின் டெக்கத்லான் நிறுவனம் கெச்சுவா என்ற தன் மலைநடை பிராண்டின் மூலம் சிறு முதுகுப்பையை மாணவரும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. சென்னையிலும் கோவையிலும் கல்லூரிப் பிள்ளைகளின் முதுகில் அதைப் பார்க்கலாம். பெயர் மட்டும் உறுத்துகிறது. கெச்சுவா என்பது ஆண்டீஸ் மலையில் வாழும் ஒரு மக்களின் பெயர், அவர்கள் பேசும் மொழியின் பெயர்.

எடுத்தவை

குறைகளில் முதன்மையானது தேவைக்கு மீறிய திறன். 1969இல் பாப் கோர் ஒருவகை ஃப்ளூரின் பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தபோது நுண்துளைகள் நிறைந்த படலம் ஒன்று பிறந்தது. நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் வியர்வை ஆவி வெளியேறக்கூடிய துளைகள். கோர்டெக்ஸ் அப்படி வந்தது. அந்தப் படலத்திலும், துணியின் மேல் நீர் முத்துமுத்தாக உருண்டோடப் பூசும் பூச்சிலும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டவை பிஎஃப்ஏஎஸ் குடும்பத்து வேதிப்பொருட்கள். அவற்றின் கரிம–ஃப்ளூரின் பிணைப்பு எளிதில் சிதையாது. மண்ணிலும் நீரிலும் மனித ரத்தத்திலும் தங்கிவிடுவதால் 'என்றென்றைக்குமான வேதிப்பொருள்' என்று பெயர் வாங்கியவை. பனிப்புயலில் சிக்கியவருக்கு அந்தப் பூச்சு உயிர்க்காப்பு. ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வரை பத்து நிமிடத் தூறலில் நடப்பவருக்கு ஒரு குடை போதும். கலிஃபோர்னியா சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே பார்த்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் புதிய துணிகளில் இந்த வேதிப்பொருட்களைத் தடைசெய்த அது, கடும் ஈரச் சூழலுக்கான வெளிப்புற உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் தந்தது. தேவை உள்ள இடத்தில் பொறுத்துக்கொள்ளலாம், அலங்காரத்துக்குக் கூடாது என்பதே அதன் சாரம். ஃபேஷன் அழித்தது இந்தக் கோட்டைத்தான். சிலருக்கு மட்டும் தேவைப்பட்ட நச்சுப் பூச்சை அது கோடிக்கணக்கானவர்களின் அலமாரிக்குக் கொண்டுசேர்த்தது.

அடுத்தது விலையும் அந்தஸ்தும். தென் கொரியாவில் 2011, 2012 வாக்கில் தி நார்த் ஃபேஸ் இறகு ஜாக்கெட் பள்ளி மாணவர்களின் சீருடை போலவே ஆனது. எந்த விலைக்கான ஜாக்கெட் என்பதை வைத்து வகுப்பறையில் மேல்தட்டு, கீழ்தட்டு பிரிந்தது. பெற்றோரின் 'முதுகெலும்பை முறிப்பது' என்ற பொருளில் அதற்கு ஒரு பட்டப்பெயரே விழுந்தது. 2018இல் இங்கிலாந்தின் பர்கன்ஹெட் நகரில் ஒரு பள்ளி, ஏழைப் பிள்ளைகள் கூனிக்குறுகக் கூடாது என்பதற்காக மான்க்ளேர், கனடா கூஸ் போன்ற விலையுயர்ந்த கோட்டுகளுக்குத் தடைவிதித்தது. குளிரிலிருந்து காக்கப் பிறந்த ஒரு பொருள், அதை வாங்க முடியாத குழந்தையை நடுங்கவைக்கும் பொருளாக மாறியதைவிடப் பெரிய தலைகீழ் மாற்றம் வேறென்ன இருக்க முடியும்?

மூன்றாவது, மலையே பின்னணித் திரையாகிவிடுவது. 2025 செப்டம்பரில் திபெத்தின் ஷிகாட்சே பகுதியில், இமயமலை முகடுகளின் மேல் ஆர்க்டெரிக்ஸின் ஆதரவில் ஒரு வாணவேடிக்கை நடந்தது. சாய் குவோ சியாங் என்ற புகழ்பெற்ற கலைஞர் மலைமுகட்டின் நெடுக ஒரு டிராகன் எழுவதுபோல் வெடிகளை வெடிக்கவைத்தார். சீனாவுக்குள்ளேயே பெரும் கோபம் கிளம்பியது. நிறுவனமும் கலைஞரும் மன்னிப்புக் கேட்டார்கள். 1989இல் வடக்கு வான்கூவரில் பாறை ஏறுபவர்கள் தங்களுக்காக ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய ஆர்க்டெரிக்ஸ், 2019இல் சீனாவின் அன்டா தலைமையிலான குழுவின் கைக்குப் போய், 2024இல் தாய் நிறுவனத்தின் வழியே நியூயார்க் பங்குச் சந்தையை எட்டியிருந்தது. சந்தைக்குப் போன பிராண்டுக்கு ஆண்டுதோறும் வளர்ச்சி வேண்டும், வளர்ச்சிக்குக் காட்சி வேண்டும். மலையை மதிப்பவர்களுக்கு உடை தைத்தவர்கள், மலையை மேடையாகப் பார்க்கும் இடத்துக்கு வந்துசேர்ந்த பாதை இது.

உழைக்கும் பொருளும் மாறும் மோகமும்

இந்த நன்மை தீமைகளின் வேரில் ஒரே முரண் இருக்கிறது. மலை உடையின் பெருமை நீண்ட நாள் உழைப்பது. ஃபேஷனின் மூச்சு சீக்கிரம் மாறுவது. இரண்டையும் ஒரே ஜாக்கெட்டில் தைத்தால் ஏதாவது ஒன்று கிழிந்தே ஆக வேண்டும்.

படகோனியா இதை உணர்ந்தே இருந்தது. 2011 நவம்பர் 25 அன்று, அமெரிக்கர்கள் கடைகளில் முண்டியடிக்கும் நாளில், தன் ஜாக்கெட்டையே வாங்க வேண்டாம் என்று நியூயார்க் டைம்ஸில் அது விளம்பரம் கொடுத்தது. அந்த ஒரு ஜாக்கெட்டுக்கு 135 லிட்டர் நீர் செலவானது, அதன் எடையைப்போல் 24 மடங்கு கரியமில வாயு வெளியானது என்று தானே ஒப்புக்கொண்டது. பிறகும் அதன் விற்பனை வளர்ந்தது. இதைக் காட்டி அந்த விளம்பரத்தை வெறும் தந்திரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பழைய உடையைத் திரும்ப வாங்கி விற்பதையும், கிழிந்ததைத் தைத்துத் தருவதையும் ஒரு வேலையாகவே அந்த நிறுவனம் செய்துவருகிறது. ஆனால் வாங்காதே என்ற சொல்லே வாங்கத் தூண்டும் கவர்ச்சியாக மாறும்போது, நல்ல நிறுவனத்தின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதும் தெளிவாகிறது. 1993 முதல் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து செய்யப்பட்டுவரும் அதன் ஃப்ளீஸ் துணியும் ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகளை நீரில் விடத்தான் செய்கிறது. எவ்வளவு நல்ல பொருளும் தேவைக்கு மேல் போனால் சுமைதான்.

எனவே தீர்ப்பு அணிபவரின் கையில் இருக்கிறது. நப்ட்ஸியை வாங்கிப் பதினைந்து குளிர்காலம் போட்டு, பிறகு தம்பிக்குக் கொடுக்கும் நகரவாசி, அந்த உடையைச் செய்தவரின் நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றுகிறார். அவர் ஒரு மேட்டில்கூட ஏறியிருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு புது ஜாக்கெட்டோடு மலைக்குப் போகிறவரோ, உச்சியைத் தொட்டாலும் அந்தக் கைத்திறனை வீணாக்குகிறார். நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் இதே அளவுகோலில் பிறக்கிறது. எத்தனை ஆண்டுக்குப் பழுதுபார்த்துத் தருவீர்கள்? இந்த ஜிப் போனால் இதே ஜிப் பத்து ஆண்டு கழித்துக் கிடைக்குமா? தூறலுக்குத் தூறலளவு பூச்சு போட்ட உடை உங்களிடம் உண்டா? அடுத்த பருவத்தின் புது நிறம் என்ன என்பதைவிட இந்தக் கேள்விகளுக்கான விடைதான் கடைவாசலில் எழுதிவைக்கத் தகுந்தது.

தோளில் வைத்த அந்தக் கறுப்புத் துணி, அந்த இடம் நைந்துபோகும் என்று முன்கூட்டியே நம்பி வைக்கப்பட்டது. இன்று நகரத்தில் கைவிடப்படும் ஜாக்கெட்டுகள் பலவற்றில் அந்தத் துணி இன்னும் புதிதாகவே இருக்கிறது. மலை ஏறாவிட்டால் பரவாயில்லை. மழையிலும் ரயில் நெரிசலிலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நடையிலும் அது தேய்ந்து வெளிறும்வரையாவது நாம் அதை அணிய வேண்டும்.